பழைய வீட்டுக்கு வயரிங் கூலி: பாயிண்ட் கணக்கா, சதுர அடியா, நாள் சம்பளமா?

கேள்வி: குடமுருட்டிக்கரை

அனைவருக்கும் வணக்கம். பாபநாசம் வட்டத்தில், குடமுருட்டி ஆற்றை ஒட்டிய ஊரில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. முன்கட்டு தேக்கு உத்திரமும் சுண்ணாம்புச் சுவரும் கொண்ட மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டிய பழைய வகைத் தளம்). பின்கட்டை என் தந்தையார் பிற்காலத்தில் கான்கிரீட் தளமாக மாற்றினார். இரண்டும் சேர்த்து 1,400 சதுர அடி. முன்கட்டில் மரச்சட்டத்தின் மேல் கிளிப் அடித்து ஓட்டிய பழைய வயரிங்கும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளும் இன்றுவரை அப்படியே உள்ளன. ஐப்பசி மழையில் கூடத்துச் சுவரைத் தொட்டால் சுருக்கென்று இழுப்பதாக அம்மா சொன்ன பிறகு, ஒட்டுப்போடும் வேலை இனி வேண்டாம், முழு வீட்டையும் புதிதாக வயரிங் செய்துவிடலாம் என்று முடிவெடுத்தோம்.

மூன்று எலக்ட்ரீசியன்களை அழைத்துக் காட்டினேன். கும்பகோணத்திலிருந்து வந்தவர் பாயிண்ட்டுக்கு, அதாவது விளக்கோ ஃபேனோ வரும் ஒவ்வோர் இடத்துக்கும், 320 ரூபாய் என்றும், சுமார் 110 பாயிண்ட் வரும் என்றும் சொன்னார். தஞ்சாவூர்க்காரர் பாயிண்ட் கணக்கெல்லாம் தமக்கு ஒத்துவராது, சதுர அடிக்கு 42 ரூபாய், எல்லாம் அதில் அடக்கம் என்றார். உள்ளூர்க்காரரோ தமக்கு நாளொன்றுக்கு 1,100, கையாளுக்கு 750, இருபது முதல் இருபத்தைந்து நாள் ஆகும் என்று கூறிவிட்டுப் போனார். மூவருக்கும் பொருள் நாங்களே வாங்கித் தர வேண்டும். இது கூலி மட்டுமே. கணக்குப் போட்டால் முதலாமவருக்கு 35,200, இரண்டாமவருக்கு 58,800, மூன்றாமவருக்கு 37,000 முதல் 46,250 வரை வருகிறது. ஒரே வீட்டுக்கு ஒரே வேலைக்கு இத்தனை வித்தியாசம் எப்படி வரும்? இவற்றில் நியாயமானது எது என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: தஞ்சை வயர்மேன்

ஐயா, கூலியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்று. சுவரில் மின்சாரம் இழுக்கிறது என்றால், வேலை தொடங்கும் வரை அந்தக் கூடத்து லைனை மெயினிலேயே கழற்றி வைக்கச் சொல்லுங்கள். பழைய ரப்பர் உறை வயர் காய்ந்து பொரிந்து, ஈரச் சுவர் வழியாகக் கசிந்துகொண்டிருக்கலாம். பீங்கான் ஃபியூஸ் இந்தக் கசிவுக்குப் போகாது. ஃபியூஸ் கம்பி உருக வேண்டுமென்றால் பல ஆம்பியர் ஓட வேண்டும், ஆனால் ஆளைக் கொல்வதற்கு அதில் மிகச் சிறிய பங்கே போதும்.

இனி கணக்கு. நீங்கள் பார்க்கும் மூன்று தொகைகளும் ஒரே வேலைக்கான தொகைகள் அல்ல. கும்பகோணத்துக்காரர் சொன்ன 110 பாயிண்ட் என்பதில் எவையெல்லாம் சேரும் என்று அவரிடம் கேட்டீர்களா? எங்கள் தொழிலில் பாயிண்ட் என்றால் சுவிட்ச் போர்டிலிருந்து விளக்கோ ஃபேனோ இருக்கும் இடம் வரை பைப் போட்டு, வயர் இழுத்து, சுவிட்சு மாட்டி எரியவிட்டுக் காட்டுவது. இதுவரை தகராறு இல்லை. அதே போர்டிலேயே இருக்கும் ஐந்து ஆம்பியர் பிளக்கைச் சிலர் அரைப் பாயிண்ட் என்பார்கள், சிலர் முழுதாக எண்ணுவார்கள். ஏ.சி., கீசர், மோட்டார் போன்றவற்றுக்கு, வீட்டின் எல்லா லைன்களுக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டி.பி. பெட்டியிலிருந்தே தனி வயர் தடிமனாக வர வேண்டும் என்பதால் அவற்றை இரண்டு பாயிண்ட்டாக எண்ணுவதுதான் பெரும்பாலும் வழக்கம். மாடிப்படிக்கும் படுக்கையறைக்கும் இரண்டு பக்கமும் சுவிட்சு வைத்தால் அதுவும் இரண்டு. இன்வெர்ட்டர் லைன், டி.பி. பெட்டி கட்டுவது, எர்த் குழி (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் குழி), பழைய வயரிங்கைப் பிரித்து இறக்குவது ஆகியவை பாயிண்ட் கணக்கில் வரவே வராது. கடைசியில் தனிச் சீட்டில் வரும்.

உங்கள் வீட்டுக்கு நானே ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏ.சி. இரண்டு, கீசர் இரண்டு, தண்ணீர் மோட்டார், சலவை இயந்திரம், சமையலறை இண்டக்‌ஷன் அடுப்பு என்று ஏழு இடங்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால் கூடுதலாக ஏழு பாயிண்ட், 2,240 ரூபாய். இருபக்கச் சுவிட்சுக்கு நான்கு, 1,280. இன்வெர்ட்டர் லைனுக்கு 3,000, டி.பி. பெட்டிக்கு 2,500, இரண்டு எர்த் குழிக்கு 3,000, பழையதைப் பிரிக்க ஓர் ஆளும் கையாளும் இரண்டு நாள் என்றால் 3,700. கூட்டினால் 15,720. அதை 35,200-உடன் சேர்த்தால் 51,000-க்குச் சற்றுக் குறைவாக வந்து நிற்கிறது. சதுர அடிக்காரர் சொன்ன 58,800-க்கும் இதற்கும் இடையே எட்டாயிரம் ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. அவர் இவை எல்லாவற்றையும் மனத்தில் வைத்துத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் 'எல்லாம் அடக்கம்' என்ற அவருடைய சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம்; எர்த் குழி அடக்கமா, பிரிப்பது அடக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சதுர அடிக் கணக்கு புதிய கான்கிரீட் வீட்டுக்காக வந்த முறை. தளம் போடும் நாளன்று கம்பி கட்டியதும் பைப்பையும் ஃபேன் பெட்டியையும் வைத்து, பூச்சுக்கு முன் சுவரில் பைப்பைப் புதைக்கக் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, பூச்சு காய்ந்ததும் வயர் இழுத்து, வண்ணம் அடித்த பிறகு சுவிட்சு மாட்டுகிற ஒழுங்கு அங்கே இருக்கிறது. உங்கள் முன்கட்டில் அது நடக்காது. இரண்டு அடிச் சுண்ணாம்புச் சுவரில் கட்டர் வைத்தால் ஓரிடத்தில் மாவாக உதிரும், அடுத்த அடியில் செங்கல் பொடியாமல் நிற்கும். தேக்கு உத்திரத்தைத் துளைக்கக் கூடாது. உத்திரங்களுக்கு மேல் செங்கல்லைச் செருகிக் கட்டிய டெரஸ் தளத்துக்குள் பைப்பைப் புதைக்க இடமே இல்லை. அங்கே உத்திரத்தின் ஓரமாகக் கேசிங் பட்டை (வயரை உள்ளே வைத்து மூடும் பட்டை) ஒட்டி வெளி வயரிங் செய்வதுதான் முறை. அதைப் பார்வைக்கு உறுத்தாமல் செய்ய நிதானமான கை வேண்டும். பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று பேசியவர் அந்த நிதானத்தைக் காட்ட மாட்டார், ஏனென்றால் நேரம் அவருடைய கையிலிருந்து போகிறது.

ஆகவே என் யோசனை, வீட்டை இரண்டாகப் பிரித்துப் பேசுங்கள். பின்கட்டுக்குப் பாயிண்ட் கணக்கு; முன்கட்டுக்கு நாள் சம்பளம், ஆனால் ஒவ்வொரு நாள் மாலையும் அன்று முடிந்த வேலையை ஒரு நோட்டில் எழுதி இருவரும் பார்த்துக்கொள்வது என்ற நிபந்தனையோடு. நாள் சம்பளத்துக்கு ஆளை விட்டுவிட்டு வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தால் இருபது நாள் முப்பதாகும், இதை நான் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன்.

மூவரில் யாரிடம் கொடுத்தாலும் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் மின்கம்பியாளர் தகுதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கூடுதல் மின்சுமைக்கு விண்ணப்பிக்கும்போது வயரிங் சோதனை அறிக்கையில் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் கையெழுத்திட வேண்டியிருக்கும். நீங்கள் வேலை கொடுப்பவரிடம் அந்த உரிமம் இல்லையென்றால் வேறொருவரிடம் கையெழுத்துக்குத் தனியாகப் பணம் கொடுக்க நேரும். அதையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

பதில்: மாயூரத்தான்

முழு வீட்டு வயரிங்கைப் பற்றிய கேள்விதான் என்றாலும், சில்லறை வேலைக்கான கூலியையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன், ஏனென்றால் வருடம் முழுவதும் நம்மை உறுத்துவது அதுதான். சென்ற கோடையில் எங்கள் வீட்டு ஃபேன் மெதுவாகச் சுற்றியது. வந்தவர் மூடியைக் கழற்றி, பழைய கெபாசிட்டரை எடுத்துப் புதியதைப் போட்டு, பத்து நிமிடத்தில் 350 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். பொருளின் விலை நூறு ரூபாய்கூட இராது. பத்து நிமிட வேலைக்கு 250 ரூபாய் கூலி என்பது மயிலாடுதுறை போன்ற ஊரில் அதிகமில்லையா? இதில் எந்த வரைமுறையும் இல்லை என்பதே என் குறை. ஆட்டோவுக்காவது அரசு ஒரு கட்டணம் நிர்ணயித்திருக்கிறது.

பதில்: தஞ்சை வயர்மேன்

மாயூரத்து ஐயாவுக்கு: நீங்கள் கொடுத்தது பத்து நிமிடத்துக்கான கூலி அல்ல, அவர் வேறொரு வேலையை நிறுத்திவிட்டு, வண்டியில் பெட்ரோல் போட்டு உங்கள் வீட்டுக்கு வந்து திரும்பியதற்கான கூலி. காலையில் இரண்டு வீடு, மாலையில் இரண்டு வீடு என்று அலைந்தால் ஒரு நாளில் நான்கு ஐந்து சில்லறை வேலைக்கு மேல் முடியாது. ஆனாலும் உங்கள் குறையில் நியாயம் உண்டு. வந்து பார்ப்பதற்கு எவ்வளவு என்பதைத் தொலைபேசியிலேயே சொல்லிவிடுவது தொழிலாளியின் கடமை. சொல்லாவிட்டால் கேட்பது உங்கள் உரிமை. ஃபேன், எரியாத டியூப்லைட், தளர்ந்த பிளக் ஆகியவற்றைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் கூப்பிட்டால் அந்த 250 ரூபாய்க்குள் மூன்று வேலை முடியும்.

கோளாறு கண்டுபிடிப்பது மட்டும் வேறு வகை. அண்மையில் ஒரு வீட்டில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சு) அடிக்கடி விழுகிறது என்று அழைத்தார்கள். டி.பி. பெட்டியில் எல்லா எம்.சி.பி.யையும் (ஒவ்வொரு லைனுக்கும் உள்ள தானியங்கிச் சுவிட்சு) இறக்கி, ஒவ்வொன்றாக ஏற்றி, சமையலறை லைனில் கோளாறு என்று தெரிந்துகொள்ளச் சிறிது நேரம்தான் ஆனது. ஆனால் அந்த லைனில் ஆறு போர்டு. ஒவ்வொரு போர்டாகக் கழற்றி நியூட்ரலைப் பிரித்து மெக்கர் (வயர் உறையில் கசிவு இருக்கிறதா என்று காட்டும் கருவி) வைத்துப் பார்த்துக்கொண்டே போனால், கடைசியாகக் கொல்லைப்புறச் சுவரில் இருந்த மெட்டல் பெட்டிக்குள் எறும்பு ஈரமண்ணைக் கொண்டுவந்து பாதி உயரத்துக்கு நிரப்பி வைத்திருக்கிறது. பிளக்கின் பின்பக்கத் திருகு முழுவதும் பச்சை பூத்துக் கிடந்தது. மண்ணைச் சுரண்டி எடுத்துப் பிளக்கை மாற்றியதற்குச் சில நிமிடங்கள்தான், தேடியதற்கு அரை நாள். அந்த வீட்டுப் பெரியவர் 'ஒரு பிளக் மாற்ற அறுநூறா' என்றார். தேடாமல் ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு நேராக வயரைச் சேர்த்துக் கொடுத்து, நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு போகிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள். குறைந்த கூலி என்று அவர்களைத் தேடிப் போகாதீர்கள்.

பதில்: மன்னார்குடி கட்டடப் பொறியாளர்

வயர்மேன் நண்பர் சொன்ன கணக்கு சரியானது. அரசுப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலிலும் வயரிங் வேலை பாயிண்ட் கணக்கில்தான் வருகிறது. ஆனால் அங்கே ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் வயரின் அளவு, பைப், பெட்டி, சுவிட்சு எல்லாம் வாக்கியமாக எழுதப்பட்டிருப்பதால் பின்னர் சண்டைக்கு இடமில்லை. தனியார் வீட்டு வேலையில் அந்த ஒரு வாக்கியம்தான் இல்லை. நாற்பது பக்க நூறு ரூபாய் முத்திரைத்தாள் ஒப்பந்தம் எல்லாம் தேவையில்லை. ஒரு முழுத்தாளில் அறைவாரியாக எத்தனை விளக்கு, எத்தனை ஃபேன், எத்தனை பிளக், எது எந்த வயரில் என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும். விளக்குக்கும் ஃபேனுக்கும் 1.5, பதினாறு ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் என்பது வீடுகளில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. இதில் ஓர் அளவு குறைத்தால் பொருளில் மிச்சம் பிடிக்கலாம், பிறகு வயர் சூடாவதை அனுபவிக்கலாம்.

பொருள் வாங்குவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கூலி குறைவாகப் பேசுகிறவர்களில் சிலர் தங்கள் கமிஷனைக் கடையில் எடுத்துக்கொள்கிறார்கள். வயரின் பட்டியல் விலையிலிருந்து கடைக்காரர் கணிசமாகத் தள்ளிக் கொடுக்கும் வழக்கம் உண்டு. எலக்ட்ரீசியன் எழுதிக் கொடுத்த சீட்டோடு போனால் அந்தத் தள்ளுபடியில் ஒரு பகுதி உங்களுக்கு வராமல் அவர் பெயரில் வரவு வைக்கப்படும். நான் இதைக் குற்றமாகப் பார்க்கவில்லை, பொருளைத் தேர்ந்தெடுத்து ஏற்றிக்கொண்டு வரும் உழைப்புக்குக் கூலி என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது உங்களுக்குத் தெரிந்து நடக்க வேண்டும். இரண்டு மூன்று கடைகளில் ஒரே சீட்டுக்கு விலை கேளுங்கள். சுருள் ஒன்றுக்கு 90 மீட்டர், அதன்மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 694 என்ற வயர் தர எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். மிஞ்சிய திறக்காத சுருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையாகவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தை ஒரேயடியாகக் கொடுக்க வேண்டாம். காடி வெட்டிப் பைப் புதைத்ததும் ஒரு பங்கு, வயர் இழுத்ததும் ஒரு பங்கு, சுவிட்சு மாட்டி எல்லாம் எரிந்த பிறகு ஒரு பங்கு, கடைசியாகச் சிறு தொகையை ஒரு மழைக்காலம் கழியும் வரை நிறுத்தி வையுங்கள். கேட்டால் நல்ல தொழிலாளி முகம் சுளிக்க மாட்டார். ஜி.எஸ்.டி. என்று யாராவது பில்லில் சேர்த்தால் பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவு இல்லாதவர் அந்த வரியை வசூலிக்க முடியாது.

பதில்: நாகைக் கடலோரம்

எர்த் குழிக்கு 1,500 என்று மேலே எழுதியிருக்கிறார்கள். பாபநாசம் பக்கத்து ஈரக் களிமண்ணுக்கு அது சரியாக இருக்கலாம். எங்கள் வேதாரண்யம் வட்டத்து உப்பு மண்ணில் மின்தடை குறைவாகத்தான் கிடைக்கும், ஆனால் ஜி.ஐ. பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) சில வருடங்களிலேயே துரு தின்றுவிடும். இங்கே செம்புக் கம்பி போடச் சொல்கிறார்கள், செலவு அதற்கேற்ப ஏறுகிறது. ஆக, ஒரு மாவட்டத்துக் கூலியை அடுத்த மாவட்டத்துக்கு அப்படியே எடுத்துக்கொண்டு போக முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டபோது, கம்பத்தை நட மின்வாரியத்தார் வெளிமாவட்டங்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். வீட்டுக்குள் நனைந்துபோன வயரிங்கைப் பார்க்கத்தான் ஆள் கிடைக்கவில்லை, கேட்டதைக் கொடுத்தோம். இப்பகுதி இளைஞர்களில் தொழில் தெரிந்த பலர் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும்போது, உள்ளூரில் இருக்கும் சிலரின் கூலி உயர்வதில் வியப்பில்லை.

குடமுருட்டிக்கரை

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. கூடத்து லைனை உள்ளூர்க்காரரை அழைத்து அன்றே கழற்றிவிட்டோம். கும்பகோணத்துக்காரரிடம் மீண்டும் பேசியதில், ஏ.சி. பாயிண்ட் இரண்டாகத்தான் எண்ணப்படும், எர்த்தும் பிரிப்பும் தனி என்று ஒப்புக்கொண்டார். கேட்காமல் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார் என்று தோன்றுகிறது. பின்கட்டை அவருக்குப் பாயிண்ட் கணக்கிலும், முன்கட்டை உள்ளூர்க்காரருக்கு நாள் சம்பளத்திலும் கொடுக்கலாமா? இரண்டு பேரை ஒரே வீட்டில் விடுவது சரிவருமா? தை மாதம் ஒரு விசேஷம் இருப்பதால் அதற்குள் முடிய வேண்டும். காடி வெட்டிய இடத்தைப் பூசும் கூலி யாருடையது என்பதும் விளங்கவில்லை.

பதில்: தஞ்சை வயர்மேன்

ஐயா, இரண்டு பேர் வேண்டாம். பின்னாளில் ஒரு கோளாறு வந்தால் இவர் அவரைச் சொல்வார், அவர் இவரைச் சொல்வார்; டி.பி. பெட்டி ஒன்றுதான், அதைக் கட்டியவர் யாரோ அவரே முழுப் பொறுப்பாளியாக இருக்க வேண்டும். உள்ளூர்க்காரருக்குச் சான்றிதழ் இருந்து, அவருடைய பழைய வேலை ஒன்றைப் போய்ப் பார்த்து மனம் நிறைந்தால் அவரிடமே இரு பகுதியையும் மேலே சொன்ன முறையில் பேசுங்கள். மழையில் ஏதாவது ஒன்று என்றால் சைக்கிளில் வந்துவிடக்கூடிய ஆள் என்பதற்கே தனி மதிப்பு உண்டு.

தைக்குள் முடிய வேண்டுமென்றால் இப்போதே முன்பணம் கொடுத்து நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். தை பிறந்தால் புதுமனைப் புகுவிழாக்கள் வரிசையாக வரும், கார்த்திகையிலிருந்தே எங்களில் யாரும் கைக்குக் கிடைக்க மாட்டோம். கூலி பேசி வாங்க வேண்டுமென்றால் அதற்கு ஆடி மாதம்தான் ஏற்றது, அப்போது புதுவீட்டு வேலை குறைந்திருக்கும். உங்களுக்கு அந்த மாதம் கடந்துபோய்விட்டது.

காடி வெட்டுவது எங்கள் வேலை, பைப்பை ஆணியும் கம்பியும் வைத்து நிறுத்துவதும் எங்கள் வேலை. அதன்மேல் பூசுவது கொத்தனார் வேலை, அந்தக் கூலி உங்களுடையது. முன்கட்டுச் சுண்ணாம்புச் சுவரில் பெட்டி வைக்கும் இடங்களில் சிமெண்ட் வைத்துப் பூச விடாதீர்கள், பழைய பூச்சோடு ஒட்டாமல் அடுத்த வருடம் பெயர்ந்துவிடும். சுண்ணாம்பில் பூசத் தெரிந்த கொத்தனாராகப் பார்த்து, ஒரு நாள் சம்பளம், ஒரு சித்தாள் என்று அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.